வான்மழையும் வீட்டுத் தொட்டியும்



பிள்ளைகளின் படிப்பைப் பற்றி இம்மாதமும் தொடர்வதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தோம். அதனை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, நம் மேசைமீது கிடக்கும் ஒரு கடிதத்தை எடுத்துக் கொள்கிறோம். காரணம், அதை எழுதிய சகோதரியின் மனையில் கடைக்கால் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். சுவர் எழும்பித் தளமும் போட்டான பிறகு நாம் கூறும் யோசனை எவருக்குப் பயன்படும்?

சகோதரி இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் வாழ்பவர். கணவர் தம்மாமில் பணிபுரிகிறார். கணவர் அனுப்பும் பணத்தில் புது வீடு எழும்புகிறது. கிணற்று நீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குழாயில் நன்னீர் வரும் நாளும் உண்டு, வாராத நாளும் உண்டு. வாராத நாளில் கேன் தண்ணீர்தான். ஆகவே மாடியில் விழும் மழை முழுவதையும் நிலத்தடித் தொட்டியில் சேர்த்து, ஆண்டு முழுவதும் அதையே குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்ள வேண்டுமென்பது கணவரின் விருப்பம். கொழுந்தனாரோ, "அந்தப் பணத்தில் இன்னோர் அறை கட்டலாமே" என்கிறார். மாமி சொல்வது வேறு. ஊருணிக்கு விடியுமுன் குடம் சுமந்து, வீட்டில் சொட்டு எண்ணிச் செலவழித்த காலத்தை அவர் மறக்கவில்லை. தம் மருமகளும் அவ்வாறே எண்ணிக் கிடக்க வேண்டுமா என்று வருந்துகிறார். அத்துடன், ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் இருக்கும்போது ஓராண்டுத் தண்ணீரைப் பூட்டி வைப்பது தவக்குலுக்குக் குறைவல்லவா என்றும் கேட்கிறாராம்.

அந்தத் தண்ணீர் போதுமா, அது குடிக்கவும் மார்க்கச் சுத்தத்திற்கும் ஏற்றதா, மாமிக்கு என்ன விடை சொல்வது? இவையே சகோதரியின் கேள்விகள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பலரும் இத்தொட்டிகளை ஒப்பந்தக்காரர் சொன்ன அளவில் கட்டிவிட்டு, பங்குனியில் அடி தெரிந்ததும் மழையைக் குறை கூறுகிறார்கள். மழை என்ன செய்யும்?

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் மற்றவை தாமே வரும். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 800 மில்லி மீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்தில் விழுவது. அப்பருவத்திற்கு 500 மில்லி மீட்டர் என்று கொள்வோம். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்பது 93 சதுர மீட்டர். ஆக, அம்மூன்று மாதத்தில் மாடியில் விழுவது 46,500 லிட்டர். முதல் மழையைக் கழித்து விடுவது, தளம் உறிஞ்சுவது, சிதறுவது என்று கால் பங்கைத் தள்ளினாலும் ஏறக்குறைய 35,000 லிட்டர் கைக்கு வரும்.

இனிச் செலவு. சகோதரியின் வீட்டில் ஆறு பேர். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் என்று தாராளமாகவே வைத்துக் கொள்வோம். நாளைக்கு 60 லிட்டர், அதாவது பதினைந்து லிட்டர் குடத்தில் நான்கு குடம். ஜனவரி முதல் செப்டம்பர் முடிய 273 நாட்கள். இந்த நாட்களில் ஒரு துளி மழையும் விழாது என்றே வைத்துக்கொண்டால், தேவை 16,380 லிட்டர். கோடை மழை பெய்தால் அது இலாபம். கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பத்தடி நீளம், பத்தடி அகலம், ஆறடி ஆழமுள்ள தொட்டி 600 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 17,000 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கணக்குக்குச் சரியாகவே இருக்கிறது. ஆனால் விருந்தாளி வராத வீடு நம்மவர் வீடாகுமா? கல்யாணம், கத்னா, மய்யித்து வீட்டுக்கு வந்து தங்குவோர் எல்லாரும் தண்ணீர் குடிப்பவர்களே. ஆகவே ஆழத்தை ஏழடியாக்குங்கள். 19,800 லிட்டர் கொள்ளும். அந்த ஓரடிக்குக் கொத்தனார் கேட்கும் கூடுதல் கூலி, இன்னோர் அறை கட்டும் செலவில் மிகச் சிறு பங்குதான் என்பதைக் கொழுந்தனாரிடம் சொல்லலாம்.

நல்ல ஆண்டின் கணக்கு இது. மழை பாதியாகப் பொய்த்தால்? கைக்கு வருவது 17,400 லிட்டர். அந்த மூன்று மாதத்திலும் வீட்டார் குடிக்கத்தானே வேண்டும். அதற்கு 5,500 லிட்டர் போக, ஜனவரி முதல் நாளில் தொட்டியில் 11,900 லிட்டர் நிற்கும். நாளைக்கு நான்கு குடம் இறைத்தால் ஜூலை நடுவில் தொட்டி வறண்டுவிடும். ஜனவரியிலேயே மூன்று குடமாகக் குறைத்துக் கொண்டால் செப்டம்பர் இறுதிக்குச் சில நாட்கள் முன்பு வரை வரும். இரண்டுக்குமுள்ள வேறுபாடு மழையில் இல்லை. ஜனவரியில் பார்த்தோமா, ஜூலையில் பார்த்தோமா என்பதில்தான் இருக்கிறது.

பார்ப்பதற்கு ஒரு மூங்கில் கோல் போதும். பத்தடிக்குப் பத்தடித் தொட்டியில் ஓர் அங்குல நீர் என்பது 236 லிட்டர். ஆறு பேர் உள்ள அந்த வீட்டுக்கு அது நான்கு நாள் தண்ணீர். கோலில் அங்குலக் கோடிட்டு, ஒவ்வோர் ஆங்கில மாதத்தின் முதல் நாளிலும் இறக்கி, நனைந்த அளவைச் சமையலறைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மாதத்திற்கு ஏழரை அங்குலம் இறங்குவது முறை. பத்து இறங்கியிருந்தால் எங்கோ வீணாகிறது, அல்லது தொட்டி கசிகிறது. நம் சகோதரிகள் பால் கணக்கும் துணி வெளுப்புக் கணக்கும் இம்மியளவும் பிசகாமல் எழுதுபவர்கள். இதுவும் அதைப்போல ஒரு வரிதான்.

ஆங்கில மாதம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் ஹிஜ்ரி மாதங்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னே நகர்பவை. ரமலான் மழைக்காலத்தில் வரும் ஆண்டும் உண்டு, கடுங்கோடையில் வரும் ஆண்டும் உண்டு. மழையோ சூரியனின் கணக்கில் வருவது. எனவே தொட்டிக்கு ஒரு காலண்டர், நோன்புக்கு ஒரு காலண்டர் என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நோன்பு கோடையில் வரும் ஆண்டில் நோன்புக் கஞ்சிக்கும் ஸஹருக்கும் இஃப்தார் விருந்தாளிகளுக்கும் என்று இரண்டு மூன்று அங்குலத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும்.

இக்கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையின்மீது நிற்கிறது. தொட்டி நீர் வாய்க்கும் அடுப்புக்கும் மட்டுமே. குளிக்க, துவைக்க, கழிவறைக்கு, பாத்திரம் கழுவ எல்லாவற்றிற்கும் உப்புக் கிணறே. பாத்திரங்களைக் கடைசியாக ஒரு முறை நன்னீரில் அலசிக் கொள்ளலாம். அந்த நிபந்தனை உடைந்த வீட்டில் எத்தனை பெரிய தொட்டியும் நிற்காது. ஆகவே இத்தொட்டியின் குழாயைக் குளியலறைக்கு இழுக்கவே இழுக்காதீர்கள். அடுக்களையில் ஒரே ஒரு கைப்பம்பு அல்லது ஒரே ஒரு குழாய், அவ்வளவுதான்.

ஒளுவுக்கு? இங்கே சிலருக்குத் தயக்கம் வருகிறது. உப்பு நீரில் ஒளு கூடுமா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. கடலில் பயணம் செய்வோர் கைவசமுள்ள சிறிதளவு நன்னீரைக் குடிக்க வைத்துக்கொண்டு, கடல் நீரில் ஒளு செய்யலாமா என்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் வினவப்பட்டபோது, கடலின் நீர் தூய்மையாக்கக் கூடியதே என்று அண்ணலார் விடை பகர்ந்தது அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. அந்தக் கப்பல் பயணியின் நிலையும் நம் கடற்கரைச் சகோதரியின் நிலையும் வேறல்ல. கிணற்று நீர் கரிக்கலாம். ஒளுவுக்கு அது குறைவில்லாத நீர். உங்கள் மழைநீரைக் குடிக்க வைத்துக் கொள்ளுங்கள்.

அந்த உப்பு நீரையும் அளவோடு எடுக்க வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். கடற்கரை மணலின் அடியில் நன்னீர், கனமான உப்பு நீரின்மேல் மிதக்கும் மெல்லிய ஏடு போலத்தான் நிற்கிறது. மோட்டார் வைத்து மேலே உள்ளதை விரைந்து உறிஞ்சினால், கீழே உள்ள உப்பு எழும்பி வரும். பெத்தம்மா காலத்தில் குடிக்கத் தகுந்ததாயிருந்த கிணறு பேத்தி காலத்தில் கரிப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளுவும், ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பும் முடித்துக் கொள்வார்கள் என்று புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. ஒரு முத்து இக்கால அளவில் முக்கால் லிட்டருக்குச் சற்று முன்பின். மத்ஹபுகளுக்கிடையே அளவில் வேறுபாடு உண்டு. நாம் குழாயைத் திறந்துவிட்டு ஒளு செய்யும்போது கீழே ஒரு வாளியை வைத்து, முடித்தபின் எட்டிப் பார்த்தால் போதும். வெட்கம் தானாக வரும். இதை எழுதுமுன் நாமும் வைத்துப் பார்த்தோம். அளவை இங்கே எழுதப் போவதில்லை.

இனிச் சுத்தம். வானிலிருந்து இறக்கப்படும் நீரைத் தூய்மையான நீர் என்றே அல்லாஹ் தன் திருமறையில் (25:48) குறிப்பிடுகிறான். ஆனால் அது நம் மாடியைத் தொட்ட பிறகு, மாடி எவ்வளவு தூய்மையோ அவ்வளவுதான் அந்த நீரும். மாடியில் புறாக்கூண்டும் கோழிக்கூடும் வைத்துக்கொண்டு, கருவாடும் உலர்த்திக்கொண்டு, அதே மாடி மழையைக் குடிக்கலாமா? புரட்டாசியிலேயே மாடியைக் கூட்டிக் கழுவிவிட வேண்டும். கூண்டுகளுக்கு வேறிடம் பார்க்க வேண்டும். தளத்தில் பத்தடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் விடச் சொல்லிக் கொத்தனாரை வற்புறுத்துங்கள். வாட்டம் சரியில்லாத மாடியில் நீர் தேங்கிப் பாசி பிடிக்கும்.

மாடியிலிருந்து இறங்கும் குழாயின் அடியில், தொட்டிக்குத் திரும்புமுன், கழற்றி மாட்டும் மூடியோடு ஒரு கிளை வைக்கச் சொல்லுங்கள். பருவத்தின் முதல் மழையில் மூடியைக் கழற்றிவிட்டு, அழுக்கு நீர் முற்றத்தில் ஓடித் தெளிந்த பிறகு மாட்ட வேண்டும். இடையில் பத்துப் பதினைந்து நாள் மழை விட்டுப் பெய்தாலும் இதே முறைதான். நள்ளிரவில் மழை தொடங்கினால் எழுந்து போவது யார் என்பதை வீட்டில் முன்பே முடிவு செய்து கொள்ளுங்கள். நாம் அறிந்த ஒரு வீட்டில் இதன் பொருட்டுச் சிறு பூசலே நடந்தது. மூடிக்குப் பின் ஒரு வடிகட்டித் தொட்டி. அடியில் கூழாங்கல், நடுவில் ஜல்லி, மேலே ஆற்று மணல், இடையிடையே நைலான் வலை. ஆண்டுக்கொரு முறை மணலை அள்ளிக் கழுவ வேண்டும். கழுவாத வடிகட்டி இருப்பதைவிட இல்லாதிருப்பது நல்லது.

தொட்டி மலக்குழிக்கு எதிர்ப்புறத்தில், இயன்ற மட்டும் தொலைவில் அமையட்டும். அதன் வாய் முற்றத்தைவிட ஓரடி உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிடில் பெருமழையில் தெருத் தண்ணீர் உள்ளே போய்விடும். மூடி வெளிச்சம் புகாததாகவும் பூட்டுப் போடத் தக்கதாகவும் இருப்பது மிக அவசியம். வெளிச்சம் புகுந்தால் பாசி, இடைவெளி இருந்தால் டெங்குக் கொசு, பூட்டு இல்லாவிடில் விளையாடும் பிள்ளைகளுக்கு ஆபத்து. நிரம்பி வழியும் குழாயின் வாயிலும் வலை கட்டுங்கள். குடத்தையோ கையையோ உள்ளே விட்டு மொள்ளும் பழக்கம் கூடவே கூடாது. புதுச் சிமெண்டுத் தொட்டியில் முதலில் நிரப்பும் நீரில் காரம் ஏறியிருக்கும். ஒன்றிரண்டு முறை நிரப்பிக் காலி செய்த பிறகே மழை பிடிக்க வேண்டும்.

தெளிவாக இருக்கிறதென்று அப்படியே குடித்துவிடவும் வேண்டாம். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்து, கசடு அடியில் படிந்ததும் மேல் நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். கைக்குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டில் குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்துவிடுங்கள். இவ்வளவும் செய்தால் கிடைப்பது என்ன தெரியுமா? கிணற்று நீரில் எத்தனை விசில் விட்டாலும் வேகாமல் அடம்பிடிக்கும் துவரம் பருப்பு, மழைநீரில் மெழுகாக வெந்துவிடும். கடினநீரிலுள்ள சுண்ணாம்புச் சத்துதான் பருப்பை வேகவிடாமல் செய்வது. மழைநீரில் அது இல்லை. தேநீரின் நிறமும் மணமும் வேறாக இருக்கும். மாமிக்கு முதலில் ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவது நல்லது.

மார்க்கச் சட்டத்திலும் ஒரு குறிப்பு. தொட்டியில் எலியோ பல்லியோ விழுந்து இறந்தால் என்ன என்று கேட்பீர்கள். ஷாஃபிஈ மத்ஹபில், இரண்டு குல்லத் அளவை, அதாவது ஏறத்தாழ 200 லிட்டரை எட்டிய நீர், அசுத்தம் விழுந்ததனால் நிறமோ மணமோ சுவையோ மாறினாலொழிய அசுத்தமாகாது. நம் தொட்டி அதைப்போல் பன்மடங்கு. ஹனஃபீ மத்ஹபில் தேங்கிய நீர் பத்து முழத்துக்குப் பத்து முழம் பரப்பிருந்தால்தான் பெருநீராகக் கொள்ளப்படும். நம் பள்ளிவாசல் ஹவுளுகள் அகன்றிருப்பதன் காரணமும் அதுவே. பத்தடித் தொட்டி அந்தப் பரப்புக்குக் குறைந்தது. அதனால் ஹனஃபீ வீட்டாருக்கு மூடியைப் பற்றிய கவனம் இரட்டிப்பாக வேண்டும். புறா, சிட்டுக்குருவி ஆகியவற்றின் எச்சத்தை ஹனஃபீகள் அசுத்தமாகக் கொள்வதில்லை, ஷாஃபிஈகள் கொள்வர். குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கு உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே முறை. ஆனால் சட்டப்படி சுத்தமான நீரெல்லாம் குடிக்கத் தகுந்த நீரல்ல. செத்த எலி கிடந்த நீரைச் சட்டம் அனுமதித்தாலும் மருத்துவர் அனுமதிக்க மாட்டார்.

அரசு 2003ஆம் ஆண்டில் மழைநீர் சேகரிப்பைத் தமிழகத்தின் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அப்போது பெரும்பாலான வீடுகளில் செய்தது, மாடி நீரைக் குழிக்குள் இறக்கி நிலத்தில் ஊற விடுவது. நல்ல நிலத்தடி நீருள்ள ஊருக்கு அது போதும். உப்பு நிலத்தில் இறக்கிய நீரை மறுநாள் குடமாகத் திரும்பப் பெற முடியாது. ஆகவே கடற்கரை வீட்டார் தொட்டியை முதலில் நிரப்பிக்கொண்டு, வழியும் நீரைக் கிணற்றருகே குழியில் விட வேண்டும். குடிக்கத் தொட்டி, கிணற்றின் கரிப்பைக் குறைக்கக் குழி என்று இரண்டும் வேண்டும்.

இவ்வாறு மழையை நம்பி வாழ்ந்தவர் உண்டா என்றால், நாம் திசை நோக்கி உருகும் ஒரு நகரமே அவ்வாறு வாழ்ந்தது. பைத்துல் முகத்தஸின் ஹரம் ஷரீஃப் முற்றத்திற்கு அடியில், பாறையில் குடைந்த முப்பதுக்கும் மேற்பட்ட நீர்த்தொட்டிகள் உள்ளன. மழை குளிர்காலத்தில் மட்டுமே பெய்யும் அந்நகரத்தின் பழைய வீடுகளிலும் கூரை நீர் அடித்தளத் தொட்டியில் இறங்கும். நீண்ட வறண்ட கோடை முழுவதையும் அத்தொட்டியைக் கொண்டே தள்ளினார்கள்.

நமக்கு அருகில் மாலத்தீவு இருக்கிறது. இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டில் காழியாகப் பணியாற்றிய நாடு அது. தாழ்ந்த பவளத் தீவுகள். நிலத்தடி நன்னீர் அங்கும் மெல்லிய ஏடுதான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பல தீவுகளின் கிணறுகளில் கடல் புகுந்துவிட்டது. அதன் பிறகு தீவுதோறும் வீடுகளுக்கு மழைநீர்த் தொட்டிகள் வழங்கப்பட்டன. ஆயினும் ஒன்றை மறைக்கக் கூடாது. வறண்ட மாதங்களில் அத்தொட்டிகள் தீர்ந்து, அரசு கப்பலில் நீர் கொண்டுபோய்க் கொடுத்த ஆண்டுகள் பல. தலைநகர் மாலேயோ கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் தருவதை நம்பியிருந்தது. 2014 டிசம்பரில் அந்த ஆலையில் தீ விபத்து ஏற்பட்டதும் நகரமே தவித்தது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் குடிநீர் அனுப்பியது. தொட்டியை மட்டும் நம்பிய தீவும் தவித்ததுண்டு, குழாயை மட்டும் நம்பிய நகரமும் தவித்ததுண்டு. ஆகவே சகோதரிக்கு நம் யோசனை: தொட்டியைக் கட்டுங்கள், குழாய் இணைப்பையும் விடாதீர்கள். குழாய் வரும் நாளில் அந்நீரைக் குடித்துத் தொட்டியை மிச்சம் பிடியுங்கள். குழாய் நீரைத் தொட்டியில் மட்டும் கலக்காதீர்கள். கலந்தால் கோல் சொல்லும் கணக்கு குழம்பிவிடும்.

இனி மாமி.

அவர் கேட்ட தவக்குல் கேள்வியைச் சிறிதாக எண்ணக் கூடாது. நீரைச் சேமித்து வைப்பவர்கள் நீங்களல்லர் என்ற கருத்து திருமறையிலேயே (15:22) வருகிறது. மேகத்தையும் மலையையும் நிலத்தடியையும் களஞ்சியமாக்கியவன் அவன்; நம் ஏழடித் தொட்டி அவற்றின் முன் ஒரு சிரட்டை. அதை மறந்து, இனி எனக்கு எவரும் தேவையில்லை என்று நினைப்பவருக்குத்தான் அந்த எச்சரிக்கை. ஆனால் பஞ்சம் வருவதை அறிந்த நபி யூஸுஃப் (அலை) அவர்கள், விளைந்ததில் உண்பதற்குரிய சிறிதளவைத் தவிர மற்றதைக் கதிரோடு சேமிக்கச் சொன்ன செய்தியும் அதே திருமறையில் (12:47) இருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்ததை உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரீயில் உள்ளது. சேமிப்பது தவக்குலுக்கு மாறானதாயிருந்தால் அவர்கள் செய்திருப்பார்களா?

உண்மையில் மாமியின் மனத்திலுள்ளது தவக்குல் அல்ல என்றே நமக்குத் தோன்றுகிறது. ஊருணியின் படியில் வரிசையில் நின்ற ஒரு சிறு பெண்ணின் களைப்பு அது. அவர் எண்ணியது பிறர் கையிலிருந்த நீரை. நாளை கிடைக்குமா என்று தெரியாமல் எண்ணினார். மருமகள் எண்ணப் போவது தன் வீட்டுக்குள் நிற்கும் நீரை. எந்த நாள் வரை வரும் என்று தெரிந்துகொண்டு எண்ணுவார். இரண்டும் ஒன்றல்ல என்று நாம் நினைக்கிறோம். ஆனால் குடம் சுமந்தவர் அவர், நாமல்ல. எனவே அவரை வாதத்தில் வெல்ல முயல வேண்டாம். கோலையும் காலண்டரையும் அவர் பொறுப்பில் விட்டுப் பாருங்கள். தண்ணீரின் அருமை அறிந்தவர் அந்த வீட்டில் அவரைவிட வேறு யார்?

கடிதத்தின் ஓரத்தில் சகோதரி சிறிய எழுத்தில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டார் ஏழைகள். தொட்டியைக் கண்டால் குடத்தோடு வருவார்கள். எண்ணி வைத்த நீரிலிருந்து எப்படிக் கொடுப்பது? குழம்பு வைக்கும்போது நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனித்துக் கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு அண்ணலார் (ஸல்) அறிவுறுத்தியதைச் சகோதரி அறிவார். தம் தாயாருக்காக எந்த தர்மம் சிறந்தது என்று ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் கேட்டபோது தண்ணீர் என்றே பதில் வந்ததும், அவர்கள் ஒரு கிணறு தோண்டியதும் நாம் கேட்டு வளர்ந்தவை. ஆனால் கேட்கும்போதெல்லாம் கொடுத்துவிட்டுச் சித்திரையில் கதவை மூடுவது இரு வீட்டுக்கும் வருத்தம். முன்பே கணக்கில் ஒதுக்கி வையுங்கள். மாதம் ஓர் அங்குலம் என்றால் பதினைந்து குடத்துக்கு மேல் வரும். ஒன்பது மாதத்துக்கு ஒன்பது அங்குலம். ஆழத்தை ஏழடியாக்கச் சொன்னோமே, அந்தக் கூடுதல் பன்னிரண்டு அங்குலத்தில் இதற்கும் இடமிருக்கிறது. மிச்சம் மூன்று அங்குலம் விருந்தாளிக்கு. இவ்விரண்டும் குறைவென்று தோன்றினால், கடைக்கால் தோண்டும் இப்போதே கொத்தனாரிடம் எட்டடி என்று சொல்லிவிடுங்கள். பிறகு முடியாது.

தொட்டி முடிந்து முதற்பருவ மழையும் பிடித்தபின், ஜனவரி முதல் நாளில் கோல் எத்தனை அங்குலம் காட்டியது என்று மறவாமல் எழுதுங்கள். மாமி என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், இப்பகுதியில் வெளியிடுவோம்.

வஸ்ஸலாம்.